படத்தில் ஸ்கேல் வைக்கக் கூடாது

ஜனவரி 5, ஞாயிறு

அலுவலகத்துக்கென்று ஒரு நாட்குறிப்பு ஏற்கெனவே எழுதுகிறேன். நில அளவர் குற்றாலலிங்கம் இன்று எந்த ஊருக்குப் போனார், எந்தப் புல எண்ணை அளந்தார், எத்தனை எல்லைக்கல் நட்டார் என்று அதில் இருக்கும். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் விட்டதில்லை. வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது. காரணம் ஆவுடை.

காலையில் என் தட்டில் மூன்றாவது இட்லியை வைத்துவிட்டுச் சொன்னாள். "ஏங்க, நான் ஒரு பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கேன்."

ஹைதராபாத்தில் பொது சுகாதாரத்தில் முதுகலைப் படிப்பு. இரண்டு வருடம். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். மார்ச் இரண்டாம் தேதி கம்ப்யூட்டரில் நுழைவுத் தேர்வு. முப்பத்தைந்து வயது வரைதான் எழுதலாம். வருகிற மே மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

"பன்னெண்டு வருஷமா ஊசி போடுதேன், டிரிப் ஏத்துதேன். ஒரே தெருவுல இருந்து வருஷா வருஷம் அதே காய்ச்சலோட வாறாங்க. அந்தத் தெருவுல என்ன கோளாறுன்னு யாராவது பாக்கணும்லா?" என்றாள். சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் அவள் ஸ்டாஃப் நர்ஸ். பேசும்போது முகம் வேறு மாதிரி இருந்தது.

தேர்வில் நாற்பது கேள்வி கணக்கு. அல்ஜீப்ராவும் ஜியோமெட்ரியும். குறைந்தது முப்பது மார்க் எடுக்க வேண்டுமாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள். "கணக்கு மட்டும் நீங்க சொல்லிக்குடுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

சரி என்றேன். நான் எதிர்க்கவில்லை. இதைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 7, செவ்வாய்

காலை ஐந்து மணிக்குப் பாடம். காந்திமதி தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை, அவள் எழுந்துவிட்டால் வீட்டில் யாரும் எதையும் படிக்க முடியாது.

எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்தாலே ஆவுடைக்குப் பயம். "இது யாருங்க, எல்லாக் கணக்குலயும் வந்து நிக்காரு?" என்று கேட்டாள். தெரியாத ஒன்றுக்குத் தற்காலிகப் பெயர் என்றேன். "பேரு தெரியாத பேஷண்ட்டை ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தா நாங்களும் அப்படித்தான் ஒரு நம்பர் போடுவோம்" என்றாள். அதோடு பயம் கொஞ்சம் போய்விட்டது.

முப்பது சதவீதக் கரைசல் அறுபது மில்லி இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் இருபது சதவீதம் ஆகும் என்று ஒரு கணக்கு. நான் எக்ஸ் போட்டு, சமன்பாடு எழுதி, இரண்டாவது வரிக்கு வருவதற்குள் "முப்பது மில்லி" என்றாள்.

"எப்படி?"

"அறுபதுல மருந்து பதினெட்டு. பதினெட்டு இருபது சதவீதமா இருக்கணும்னா மொத்தம் தொண்ணூறு வேணும். இதைத்தானே நாங்க தெனமும் செய்யுதோம்."

வழியைக் காட்டாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று சொன்னேன். இந்தத் தேர்வில் வழியைக் காட்ட இடமே இல்லை, நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். அது எனக்கும் தெரியும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

இன்று ஜியோமெட்ரி. இது என் பேட்டை.

தேர்வு அறைக்குள் ஸ்கேல் அனுமதி இல்லை. ஆனால் எழுதிப் பார்க்க வெள்ளைத்தாள் கொடுப்பார்கள். தாள் இருந்தால் போதும், நில அளவர் பிழைத்துக்கொள்வார். தெரிந்த கோட்டின் ஓரமாகத் தாளின் விளிம்பை வைத்து இரண்டு முனைக்கும் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். அந்த நீளத்தைத் தெரியாத கோட்டின்மேல் நகர்த்திப் பார்த்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். தாளின் மூலை செங்கோணம். அதைப் பாதியாக மடித்தால் நாற்பத்தைந்து. கோணமானியும் வேண்டாம், சூத்திரமும் வேண்டாம்.

புத்தகத்தில் பத்துக் கணக்கு கொடுத்தேன். பத்தும் சரி. ஆவுடைக்கு நம்ப முடியவில்லை. தாளை மடித்து மடித்துப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெயிலில் சுற்றுகிற வேலை, சட்டை சீக்கிரம் நைந்துபோகிறது, அவ்வளவுதான் இதுவரை சொல்லியிருக்கிறாள். இன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். களத்தில் வி.ஏ.ஓ. கூட "என்ன சார், முகம் தெளிச்சியா இருக்கு?" என்று கேட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பாடம் இல்லை. பால் பொங்குகிறபோது எல்லோரும் குலவையிட்டார்கள். அது முடிந்ததும் ஆவுடை ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர் சொல்லிக்கொண்டே அடுப்பைத் தணித்தாள்.

ஜனவரி 19, ஞாயிறு

தபாலில் இரண்டாவது புத்தகம் வந்தது. பழைய தேர்வுக் கேள்விகள். கடிகாரம் வைத்து முதல் மாதிரித் தேர்வு வைத்தேன். நாற்பதுக்கு இருபத்தேழு.

அல்ஜீப்ராவில் இரண்டுதான் தவறு. ஜியோமெட்ரிதான் காலை வாரிவிட்டது. ஒரு செங்கோண முக்கோணம், சாய்ந்த பக்கம் 13, அடிப்பக்கம் 5, மூன்றாவது பக்கம் என்ன என்று கேள்வி. தாள் விளிம்பை வைத்து அளந்து 9 என்று போட்டிருந்தாள். விடை 12.

"புள்ளி வைக்கும்போது கை நகந்திருக்கும்" என்றேன். பிறகு நானே அளந்தேன். எனக்கும் 9 தான் வந்தது. மூன்று தடவை அளந்தேன். கணக்குப்படி 12, படத்தில் 9. முதல் புத்தகத்தில் இப்படி இல்லை. அச்சகத்துக்காரன் சரியில்லை.

ஜனவரி 22, புதன்

ஆவுடைக்கு இந்த வாரம் நைட் டூட்டி. காலையில் வந்து படுத்துவிட்டாள். நான் அந்தப் புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். முன்பக்கத்தில் அறிவுரைகள் என்று பொடி எழுத்தில் ஏழு எட்டு இருந்தன. நான்காவது: படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை அல்ல. படத்தின் தோற்றத்தை வைத்து விடை காண வேண்டாம்.

அச்சகத்துக்காரன்மேல் பிழை இல்லை. வேண்டுமென்றேதான் கோணலாக வரைகிறார்கள். கண்ணை நம்புகிறவனைக் கவிழ்ப்பதற்காக.

அவளிடம் சொல்ல வேண்டும். இப்போதுதான் தூங்கினாள். எழுப்புவது நியாயமில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் அலுவலகத்தில் கொடியேற்றம். மத்தியானம் காந்திமதிக்குக் காய்ச்சல், நூற்றியொன்று. ஆவுடை ஈரத்துணி போட்டுக்கொண்டே பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள், ஒரு கையில் தாள் விளிம்பு, மறு கையில் பென்சில்.

காய்ச்சல் நேரத்தில் புதிதாக ஒன்றைச் சொல்லிக் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

காய்ச்சல் விட்டது. காந்திமதி என்னிடம் கேட்டாள். "அம்மா படிக்கப் போயிட்டா எனக்கு யாருப்பா சடை போடுவா?"

"அம்மா இன்னும் பரீட்சையே எழுதலை. அதுக்குள்ள என்ன?" என்றேன்.

பிள்ளையின் பள்ளிக்கூட அட்லஸ் மேசையில் கிடந்தது. சங்கரன்கோவில் அதில் இல்லை. திருநெல்வேலிக்கு மேலே கண்ணால் ஒரு இடம் பார்த்துப் புள்ளி வைத்து, ஹைதராபாத்துக்குத் தாள் விளிம்பை வைத்து அளந்தேன். நேர்கோட்டில் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டாவது மாதிரித் தேர்வு. இருபத்தைந்து. போன தடவையைவிட இரண்டு குறைவு.

ஆவுடை விடைத்தாளை என் முன்னால் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க சொன்ன மாதிரிதான் அளந்தேன். புள்ளிகூட நகரலைங்க. எனக்கு இது வராது போலிருக்கு. ஸ்கூல்லயே டீச்சர் சொல்லுவாங்க, உனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்னு."

அழுதாள். பிள்ளை பிறந்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

நான் ஆறுதல் சொன்னேன். "போனாப் போகுது. இப்ப இருக்கிற வேலைக்கு என்ன குறைச்சல்? கவர்மெண்ட் வேலை, உள்ளூர்ல இருக்கு, புள்ள நம்மகூட இருக்கு" என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் புளி ஊறப்போட்டாள்.

ஆறுதல் சொல்வது கணவன் கடமை. அதைத்தான் செய்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இப்போது சொன்னால் "முதல்லயே ஏன் சொல்லலை?" என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே இரண்டு நாள் போய்விட்டது. நாள் கூடக்கூடப் பதில் இன்னும் கடினமாகிறது.

தவிர, புத்தகம் அவளிடம்தான் இருக்கிறது. அறிவுரையை அவளே படித்திருக்கலாம். யாரும் அவள் கண்ணைக் கட்டவில்லை. ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததால் அவள் அதைத் தேடிப் படிக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் கடைசி வரியை எழுதியிருக்க வேண்டாம். பேனாவில் எழுதியதால் அழிக்க முடியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். காலைப் பாடம் நடந்தது. அவள் அளந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கரிசல்குளத்தில் எல்லைத் தகராறு. வெயிலுமுத்து என்பவர் மனு கொடுத்திருந்தார். அவருடைய நிலத்தில் மூன்றரை மீட்டரை அவர் அண்ணன் வேலிக்குள் சேர்த்துக்கொண்டார் என்று புகார். இருவருக்கும் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. அண்ணன் வரப்பின் அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில், தம்பி இந்தப் பக்கம் வெயிலில்.

அளந்து பார்த்தேன். கற்கள் அத்தனையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

வெயிலுமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. மடியிலிருந்து புல வரைபடத்தின் ஜெராக்ஸை எடுத்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல். "நல்லாப் பாருங்க சார். நானே ஸ்கேல் வச்சுப் பாத்தேன். நூத்திப்பத்து மீட்டர் வருது. அங்க நூத்தி ஆறரைதான் கெடக்கு. மிச்சம் எங்க போச்சு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணாச்சி, இது ஜெராக்ஸ். மிஷின்ல போட்டா கூடும் குறையும். படத்துல ஸ்கேல் வைக்கக் கூடாது. கோட்டுக்குப் பக்கத்துலயே எண் எழுதியிருக்கே, நூத்தி ஆறரைன்னு, அதைப் பாக்கணும். அதுதான் செல்லும்."

அவர் அந்தச் சின்ன எண்ணை வெகு நேரம் பார்த்தார். "அது என்னமோ ஆபீஸ் நம்பருன்னு நெனைச்சேன் சார். அப்பம் படம் என்னத்துக்குப் போட்டிருக்கு?"

"எது எதுக்குப் பக்கத்துல இருக்குன்னு காட்டத்தான். எவ்வளவுங்கிறதை எண்ணுதான் சொல்லும்."

அவர் ஸ்கேலை மடியில் செருகிக்கொண்டார். வேப்பமரத்தடியைப் பார்த்தார். "இதை மொதல்லயே தெரிஞ்ச ஆளு யாராவது ஒருத்தரு சொல்லியிருந்தா, மூணு மாசம் எங்க அண்ணன் மூஞ்சில முழிக்காம இருந்திருக்க மாட்டேன்லா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. படத்தை நம்பாதே, எண்ணைப் பார் என்று பத்தொன்பது வருடமாக ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவன் நான். பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான். சொந்த வீட்டில் ஒருத்திக்கு நேர் மாறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது தவறு என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். தெரியாமல் செய்தது பன்னிரண்டு நாள். தெரிந்து செய்தது இருபத்திரண்டு நாள்.

கற்கள் சரியான இடத்தில் இருக்கின்றன என்று இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சாயங்காலம் சொன்னேன். காந்திமதி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஆவுடை யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தின் முன்பக்கத்தைத் திறந்து நான்காவது வரியில் விரலை வைத்தேன்.

படித்தாள். தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மறுபடி படித்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

நேற்று என்று சொல்ல வாய் வந்தது. "ஜனவரி இருபத்திரண்டு" என்றேன்.

"இன்னைக்குத் தேதி?"

"பதினாலு."

விரல் விட்டு எண்ணினாள். "இருபத்திமூணு நாள். வார்டுல ஒரு பேஷண்ட்டுக்குத் தப்பான மருந்து போகுதுன்னு தெரிஞ்சும் இருபத்திமூணு நாள் யாருகிட்டயும் சொல்லாம இருந்தா அந்த நர்ஸுக்கு என்ன பேருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"மறந்துட்டேன் ஆவுடை."

"நீங்களா? எந்த ஊர்ல எந்தக் கல்லை எந்த வருஷம் நட்டீங்கன்னு கேட்டா ஒப்பிப்பீங்க. மறந்துட்டீங்களா?"

விரலை எடுத்துப் புத்தகத்தை மூடினேன். பிறகு சொன்னேன். "நீ போயிடக் கூடாதுன்னு இருந்துச்சு."

"அதைச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ போகாம இருந்திருப்ப."

"ஆமா. இருந்திருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பம் பொண்டாட்டியைப் படிக்க விடாதவருன்னு உங்களுக்குப் பேரு வந்திருக்கும். அது வேணாம். நானா தோத்துட்டு வந்து உங்க முன்னாடி உக்காரணும், நீங்க போனாப் போகுதுன்னு ஆறுதல் சொல்லணும். அப்படித்தானே?"

அப்படித்தான். ஐந்து வாரமாக இந்த நோட்டில் சுற்றிச் சுற்றி எழுதியதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"நான் முட்டாள்னு என்னையே நினைக்க வச்சீங்க பாத்தீங்களா, அதுதாங்க ஆற மாட்டேங்குது" என்றாள். யூனிஃபார்மின் மறுகையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 15, சனி

சாப்பாடு போட்டாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை ஐந்து மணிக்கு எழுந்து மேசைக்குப் போனேன். அவள் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தாள். என் நாற்காலியில் காந்திமதியின் பள்ளிக்கூடப் பையை வைத்திருந்தாள். திரும்பி வந்து காபி போட்டேன். மேசையில் வைத்தேன். குடித்தாள்.

பிப்ரவரி 19, புதன்

ஆவுடை டூட்டிக்குப் போன பிறகு புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு படத்தின்மேலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவார்களே, அதேதான். முக்கோணம், வட்டம், நாற்கரம் எதுவும் வெளியே தெரியவில்லை. கேள்வி மட்டும் தெரிகிறது. அதைப் படித்து, கொடுத்திருக்கிற எண்களை மட்டும் வைத்து, பக்கத்துத் தாளில் கையால் அவளே ஒரு படம் போட்டுக்கொள்கிறாள். கோணல் மாணலாக இருக்கிறது. விடைகள் சரியாக இருக்கின்றன.

நூற்றுக்கும் மேற்பட்ட பிளாஸ்திரிகள். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து வேலைக்குப் போக மனமே வரவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இந்த வாரம் காந்திமதிக்கு நான்தான் சடை போடுகிறேன். யாரும் சொல்லவில்லை, நானாக ஆரம்பித்தேன். வகிடு நேர்கோடாக வருகிறது, நூல் பிடித்தது போல. சடைதான் பத்து மணிக்குள் அவிழ்ந்துவிடுகிறதாம். "வகிடு மட்டும் போட்டா போதாதுப்பா, இறுக்கிப் பின்னணும்" என்று எனக்கு வகுப்பு எடுக்கிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மூன்றாவது மாதிரித் தேர்வை அவளே கடிகாரம் வைத்து எழுதினாள். மார்க்கை என்னிடம் சொல்லவில்லை. காந்திமதிதான் ஓடிவந்து காதோடு சொன்னாள். "அம்மா முப்பத்தொண்ணு."

வாசலுக்குப் போய் நின்றேன். சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் எழுதிவைக்கிறேன். ஒன்றை மட்டும் எழுதினால் மறுபடி பொய்யாகிவிடும்.

பிப்ரவரி 26, புதன்

நாற்காலியில் பை இல்லை. நான் காபியை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஒரு சந்தேகம்."

உட்கார்ந்தேன். பிளாஸ்திரி ஒட்டிய கேள்வி. அவளே வாசித்தாள். "வட்டத்தோட ஆரம் அஞ்சு. வெளியில ஒரு புள்ளி, மையத்துல இருந்து பதிமூணு தள்ளி இருக்கு. அங்கருந்து வட்டத்தைத் தொடுத கோடு எவ்வளவு நீளம்?"

தாளை என் பக்கம் தள்ளினாள். ஸ்கேல் இல்லாமல், காம்பஸ் இல்லாமல் கையாலேயே ஒரு வட்டம் போட்டேன். உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. பதிமூன்றையும் ஐந்தையும் கிட்டத்தட்ட ஒரே நீளமாகப் போட்டேன், வேண்டுமென்றே. தொடுகிற இடத்தில் மட்டும் செங்கோணக் குறி வைத்தேன். "தொடுகோடும் ஆரமும் சேருத எடத்துல எப்பவும் தொண்ணூறு. அது ஒண்ணுதான் இதுல நம்பலாம்."

"அப்பம் பன்னெண்டு" என்றாள் உடனே. பிறகு என் படத்தைப் பார்த்தாள். "இவ்வளவு கேவலமாவா கோடு போடுவீங்க?" என்றாள். பன்னிரண்டு நாள் கழித்து அவள் என்னிடம் சிரித்தது இது முதல் தடவை. பாதிச் சிரிப்புதான்.

மார்ச் 2, ஞாயிறு

திருநெல்வேலியில் தேர்வு மையம். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. உள்ளே போவதற்கு முன் வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வாட்ச் கூடாது என்றார்கள், அதையும் கொடுத்தாள். நானும் காந்திமதியும் எதிரே ஒரு வாகை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை வளையலை எண்ணிக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே இருக்கிறவளுக்குக் கை நடுங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மனதார வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்ட முடிந்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தாள். தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டுச் சொன்னாள். "ஒரு கணக்குல படம் அச்சு அசல் சதுரம் மாதிரியே இருந்துச்சு. மூலையில செங்கோணக் குறி இல்லை. சதுரம்னு எங்கயும் எழுதவும் இல்லை."

"என்ன செஞ்ச?"

"ஸ்கிரீன் மேல உள்ளங்கையை வச்சு படத்தை மறைச்சேன். அப்புறம் கேள்வியைப் படிச்சேன்."

மார்ச் 28, வெள்ளி

கிடைத்துவிட்டது. கணக்கில் முப்பத்திரண்டு.

செல்போனை என்னிடம் காட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "இப்பக் கேக்கேன். மனசுல இருக்கிறதை உள்ளபடி சொல்லணும். நான் போகட்டுமா?"

"நீ போகக் கூடாதுன்னுதான் எனக்கு இப்பவும் இருக்கு" என்றேன். "ஆனா நீ போகணும். ரெண்டும் உண்மைதான்."

"சரி" என்றாள். பிறகு, "எனக்கும் ரெண்டும்தான்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கண்ணிலும்தான்.

ஜூலை 13, ஞாயிறு

நாளை காலை கிளம்புகிறோம். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் திரும்ப வேண்டும். என் தங்கை வந்து ஐந்து நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள்.

ஆவுடை உள்ளே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். காந்திமதி கூடத்தில் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு தாள். நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததை எப்போது பார்த்தாளோ, விளிம்பில் இரண்டு புள்ளி வைத்திருந்தாள்.

"அப்பா, இங்க பாருங்க. நம்ம ஊருக்கும் ஹைதராபாத்துக்கும் நாலு விரக்கடைதான். இவ்வளவு பக்கத்துலதான் அம்மா இருப்பாளா? அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை வந்துருவாள்லா?"

முகம் பூராவும் சிரிப்பு. இன்று ஒரு நாள் அந்தச் சிரிப்பு இருந்துவிட்டுப் போகட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. பயணம் முடிந்து வந்த பிறகுகூடச் சொல்லலாம். பிள்ளை தூங்கட்டும். எனக்குப் பழக்கமான நினைப்புதான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "படத்துல அளக்கக் கூடாதும்மா. மதுரைக்குப் போயி, ரயில் ஏறி, அங்கன போய்ச் சேர இருபத்தேழு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை சனிக்கிழமை வர முடியாது. தீபாவளிக்குத்தான் வருவா. நடுவுல மூணு மாசம் இருக்கு."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஓவென்று அழ ஆரம்பித்தாள். மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். சடை அவிழ்ந்து என் கையெல்லாம் முடி. அழட்டும் என்று விட்டேன். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

ஆவுடை கையில் மடித்த சேலையோடு கதவருகே வந்து நின்றாள். அட்லஸையும் தாளையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்பக் கேட்டா?"

"இப்பத்தான்."

"எப்பச் சொன்னீங்க?"

"இப்பத்தான்" என்றேன்.

சேலையைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தாள்.